பூஜைக் கோடு

அந்த அறிக்கையில் இன்றுவரை என் கையெழுத்து இல்லை. தயாரித்தவர் என்ற இடத்தில் ஒருவர் போட்டிருக்கிறார். ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் மேலாளர் போட்டிருக்கிறார். நடுவில், சரிபார்த்தவர் என்று அச்சடித்த இடம் காலி. மூன்று முறை அது என் மேஜைக்கு வந்தது. மூன்று முறையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். வயதானால் மனிதன் இளகிவிடுவான் என்கிறார்கள். நான் இளகவில்லை. நாளைக்கே யாராவது அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாலும் பேனாவை மூடித்தான் வைப்பேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். ஆவடியிலிருந்து மின்சார ரயில், இறங்கியதும் நடை. எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் பழக்கம். ரயில் பெட்டியில் எத்தனை கைப்பிடி, அதில் எத்தனை அறுந்தவை. கேன்டீனில் எத்தனை மின்விசிறி, அதில் எத்தனை சுற்றுகின்றன. என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். "கோயிலுக்கு வந்தா சாமியைப் பாருங்க, தூணை எண்ணாதீங்க" என்று திருவேற்காட்டில் வைத்து ஒருமுறை எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். சாமியையும் பார்த்தேன், தூணையும் எண்ணினேன். இரண்டுக்கும் நடுவில் என்ன சண்டை என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்பிரிங் செய்வதில் கம்பியைச் சுருட்டுவது பெரிய காரியம் இல்லை. சுருட்டியதை உலையில் வைத்து, குறிப்பிட்ட சூட்டுக்கு ஏற்றி, அந்தச் சூட்டிலேயே குறிப்பிட்ட நேரம் நிறுத்த வேண்டும். ஹோல்டிங் என்பார்கள். எங்கள் ஸ்பிரிங்குக்கு நாற்பத்தைந்து நிமிடம். அது குறைந்தால் இரும்புக்குள் இருக்கும் இறுக்கம் தீராது. என்றைக்காவது ஒரு குழியில் லாரி இறங்கும்போது ஸ்பிரிங் பட்டென்று உடையும். எங்களிடம் மூன்று உலைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு மைப்பேனா, உருளும் காகிதத்தில் உலையின் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. சுவரில் இருந்த பெட்டிகளைக் கழற்றினார்கள். பெட்டிக்கு நான்கு வீதம் பன்னிரண்டு திருகாணி ஓட்டைகள் மிச்சம். அவற்றை யாரும் பூசி அடைக்கவில்லை, அதுவும் எனக்கு உறுத்தல். கம்ப்யூட்டருக்கு என்று ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. வைத்தார்கள். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடத்தில் நூறு பேர் வியர்த்துக்கொண்டிருந்தபோது அது ஒன்று மட்டும் குளிரில் உட்கார்ந்திருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்து அதை ஓடவைத்தார். உலையின் சூடு திரையில் ஒரு தாளில், மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக எண்களாக விழும். அந்த எண்களைக் கொண்டு கிராப் வரையும். பிறகு அவர் எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட், பத்துப் பதினைந்து வரிக் கட்டளைகள், கிராபில் இருக்கும் கோட்டுக்குரிய எண்களை எடுத்து, சரியான சூட்டில் எத்தனை நிமிடம் நின்றது என்று கணக்கிட்டுக் கிராபுக்கு அடியில் ஒரே ஓர் எண்ணை அச்சிடும். உலையில் ஒரு தடவை வைத்து எடுப்பதை லோடு என்போம். ஒரு லோடுக்கு ஒரு கிராப், அதில் ஒரு கோடு, அடியில் ஓர் எண். அச்சானதும் நேராக மேலாளர் அறைக் கோப்புக்குப் போகும். என்னிடம் வராது. என்னிடம் வருவது ஸ்பிரிங்தான். அதன் கடினத்தை அளந்து சொல்வது என் வேலை.

அந்த இன்ஜினியர் நல்ல பையன். ஸ்கிரிப்டை எனக்கு வரி வரியாக விளக்கினார். "கிராபில் இருக்கும் முதல் கோட்டை எடு" என்று ஒரு வரி இருந்தது. "இருக்கறதே ஒரு கோடுதானே சார்" என்றார். அன்றைக்கு அது உண்மை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்பெனியில் பூஜை லோடு என்று ஒரு வழக்கம் உண்டு. உலைகளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை முடிந்ததும் இரண்டாம் உலையில் ஒரு கூடை ஸ்பிரிங்கைப் பேருக்கு வைத்துச் சூடேற்றுவார்கள். பேருக்குத்தான். பொரியும் சுண்டலும் பங்கிட்டு முடிந்ததும் எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். பாதியிலேயே கூடையை வெளியே இழுத்துவிடுவார்கள். அந்த ஸ்பிரிங்குகள் எந்த லாரிக்கும் போகாது, கழிவு இரும்போடு போகும்.

இரண்டாம் உலையை ஓட்டியவர் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பூஜையன்று ஒருநாள் மட்டும் நெற்றியில் குங்குமமும் இருக்கும். பாதிரியார் திட்டமாட்டாரா என்று ஒருமுறை கேட்டேன். "நான் சர்ச்சுக்குப் போறேன் சார். ஃபர்னஸ் இன்னா சர்ச்சுக்கா வருது? அதுக்கு இன்னா புடிக்குமோ அத்த செய்யணும்" என்றார்.

அந்த வருடப் பூஜை லோடின் சூடு முதன்முதலாகத் திரையில் கோடாக ஏறி இறங்கியதைப் பார்த்து மேலாளருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. அவர் கெட்டவர் இல்லை, பக்திமான். "இதை அழிக்கக் கூடாது. இனிமே வர்ற ஒவ்வொரு கிராபிலயும் எல்லாத்துக்கும் முன்னாடி இது இருக்கணும். பிள்ளையார் சுழி போட்டுட்டுத்தானே எதையும் எழுதறோம்?" என்றார். இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் அரை மணி நேரத்தில், புதிதாக எந்தக் கிராப் திறந்தாலும் முதலில் பூஜைக் கோடு மஞ்சளில் விழுந்து, அடுத்ததாக அன்றைய லோடின் கோடு சிவப்பில் வரும்படி மாற்றிக் கொடுத்துவிட்டு மதிய ரயிலைப் பிடித்தார். கறுப்பு மை அச்சில் அந்த மஞ்சள் கோடு புள்ளி புள்ளியாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் விழுந்தது.

நான்கைந்து மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு கோணிப்பை வந்தது. உள்ளே உடைந்த ஸ்பிரிங்குகள், பதினேழு துண்டுகள். அவற்றில் பொறித்திருந்த எண்ணை வைத்து எந்த லோடு என்று பார்த்தார்கள். இரண்டாம் உலை, முத்தாபுதுப்பேட்டைக்காரரின் ஷிப்ட். கோப்பிலிருந்து அந்த லோடின் கிராபை எடுத்தார்கள். அடியில் அச்சாகியிருந்த எண் 22.4. நாற்பத்தைந்து நிமிடம் நிற்க வேண்டிய லோடு இருபத்திரண்டு நிமிடத்தில் வெளியே வந்திருக்கிறது. மறுநாள் அவருக்கு மெமோ. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட். விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

மெமோவை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சார் இது? பாதில எட்த்துட்டேன்னு போட்டுகீது."

"எடுத்தீங்களா?"

"எட்த்தா எட்த்தேன்னு சொல்லமாட்டேனா? எம் பொண்ணு மேல சத்தியமா முழு நேரமும் நின்னுகினு இருந்தேன் சார். டீ கூட குடிக்கப் போவல. அந்த மிசினு சொன்னா மட்டும் சரியா? அது ஏ.சி.ல குந்திகினு இருந்துச்சு, நான் நெருப்பாண்ட நின்னுகினு இருந்தேன். யாருக்கு சார் தெரியும்?"

எனக்குச் சத்தியங்களில் நம்பிக்கை இல்லை. "போய்ட்டு நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உதவமாட்டேன் என்று நினைத்திருப்பார்.

சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துக்காக, உடைந்த ஸ்பிரிங் பற்றிய அந்த அறிக்கை அன்று சாயங்காலமே என்னிடம் வந்தது. அப்போதுதான் கிராபை முதன்முறையாகப் பார்த்தேன். கோடு ஏறி, மேலே சமமாக ஓடி, இறங்கியிருந்தது. அந்தச் சமதளத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். எப்படி வைத்தாலும் நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை. படம் ஒன்று சொல்கிறது, அதற்கு அடியிலேயே எண் வேறொன்று சொல்கிறது. இத்தனை பேர் கையில் அந்தக் காகிதம் போய் வந்திருக்கிறது, ஒருவர்கூடப் படத்தைப் பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனேன். பூஜைக்குப் பிறகு வந்த மற்ற லோடுகளின் கிராபுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் உலை, 22.4. மூன்றாம் உலை, 22.4. வேறு ஷிப்ட், வேறு மாதம், 22.4. முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். கோப்பில் போட்டதோடு சரி, இத்தனை மாதமாக யாரும் ஒன்றையும் புரட்டிப் பார்க்கவில்லை. மூன்று உலைகளில் ஒன்பது பேர் மாற்றி மாற்றி வேலை செய்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரித் தப்பு செய்யலாம். தசமப் புள்ளி பிசகாமல் செய்யமாட்டார்கள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"ஸ்கேல் வெச்சு அளந்தீங்களா?" என்று சிரித்தார். "கம்ப்யூட்டருக்கே ஸ்கேலா? ஏன் சார், கண்ணு ஏமாறும், அது ஏமாறுமா?"

"எல்லா லோடும் இருபத்திரண்டு புள்ளி நாலுன்னா, எல்லா ஆபரேட்டரையும் சஸ்பெண்ட் பண்ணணும் சார்."

சிரிப்பு நின்றது. "உடைஞ்சது ஒரு லோடு. அதுக்கு ஒரு காரணம் கேக்கறாங்க. கையில ஒரு நம்பர் இருக்கு. நீங்க கையெழுத்து போடுங்க, மத்ததை அப்புறம் பார்ப்போம்."

"உடைஞ்ச துண்டை வெட்டிப் பார்த்துட்டேன் சார். கம்பியிலயே நீளவாக்குல பழைய கீறல் இருக்கு. கம்பி வரும்போதே வந்த கீறல்."

"அதையும் அப்புறம் பார்ப்போம்."

"அப்போ கையெழுத்தும் அப்புறம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பணி ஓய்வுக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மென்பொருளோடு வந்த தடித்த புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். ஆங்கிலம் தெரியும், ஆனாலும் அந்த ஆங்கிலம் வேறு. மனைவி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "வாத்தியார் பரீட்சை வெச்சிருக்காரா?" என்றாள். கிராபைப் பற்றிய அதிகாரத்தில் விஷயம் இருந்தது. கிராப் தனக்குள் எண்களை வைத்துக்கொள்வதில்லை. இந்தக் கோடு இந்தத் தாளின் இந்தப் பத்தியிலிருந்து வந்தது என்ற பெயரை மட்டும், வரைந்த வரிசைப்படி வைத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு கோட்டைக் கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அதன் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், அல்லது வரிசையில் எத்தனையாவது என்று சொல்லிக் கேட்கலாம். வரிசையைச் சொல்லிக் கேட்டால், வரிசை மாறிய அன்றைக்கு வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

நம் ஸ்கிரிப்ட் கேட்டது "முதல் கோடு". முதலில் நின்றது பூஜைக் கோடு. பொரி தின்றுவிட்டுப் பாதியில் இழுத்த அந்தக் கூடையைத்தான் அது நான்கைந்து மாதமாக அளந்துகொண்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, "கிடைச்சுடுச்சு" என்றேன். "என்ன, தூணா?" என்றாள் மனைவி.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள், வயதானவர், கறுப்புக் கோட்டு. கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து கிராபைக் காட்டி, எண்ணைக் காட்டி, பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தார்கள். நான் சாட்சி. சாட்சி என்றால் ஆம் என்று சொல்ல மட்டும் கூப்பிட்டவன். என்னைக் கேட்டதும், "இங்கே சொல்ல முடியாது ஐயா, கம்ப்யூட்டர் முன்னால்தான் சொல்ல முடியும்" என்றேன். மேலாளர் எதிர்த்தார். வக்கீலுக்குக் கம்ப்யூட்டரை அருகில் பார்க்க ஆசை. எழுந்துவிட்டார்.

கண்ணாடி அறை வாசலில் மூன்று ஜோடி செருப்பும் ஷூவும் விழுந்தன. உலைக்காரர் மட்டும் தயங்கி நின்றார். பாதுகாப்பு ஷூவைக் கழற்றினால் கிழிந்த காலுறை தெரியும் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்குப் புரிந்தது. "அப்படியே வாங்க" என்றேன். "ஷூவோட உள்ளே வரக் கூடாது" என்றார் மேலாளர். "அவர் வேலையை விசாரிக்கிறோம், அவர் பார்க்கணும்" என்றேன். ஷூவோடு வந்தார்.

நான் ஸ்கிரிப்டைத் திறந்தேன்.

"அதைத் தொடாதீங்க. அது ஹெட் ஆபீஸ் எழுதினது" என்றார் மேலாளர்.

"தொடறேன் சார். வேணும்னா எனக்கும் ஒரு மெமோ கொடுங்க."

முதலில் கணக்கில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எந்த எண்களை எடுத்தாயோ அவற்றின் பெயரையும் பக்கத்தில் போடு என்று. ஓடவிட்டேன். அந்தக் கிராபுக்கு அடியில் 22.4 வந்தது. அதற்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில், பூஜை என்று வந்தது.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "பூஜைன்னா? யார் பேரு அது?"

நான்தான் விளக்கினேன், பொரி சுண்டல் உட்பட. அந்த மஞ்சள் கோட்டைச் சுட்டிக்காட்டி, "இதை எடுத்துட்டுக் காட்டறேன்" என்று மௌஸை நகர்த்தினேன்.

"ஐயையோ, அதை எடுக்கக் கூடாது" என்றார் மேலாளர்.

"அத்த எட்த்துடாதீங்க சார்" என்றார் உலைக்காரரும் அதே மூச்சில். "சாமி கோடு சார் அது. எங்க ஃபர்னஸ்ல போட்டது."

அவர் வேலையைத் தின்னவந்த கோடு அது. அதற்கு அவரே வக்காலத்து. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. "சரி, உங்க சாமி அங்கயே இருக்கட்டும்" என்று மௌஸை விட்டுவிட்டு, ஸ்கிரிப்டில் "முதல் கோடு" என்ற இடத்தில் அந்த லோடின் பெயரை எழுதினேன். மறுபடி ஓடவிட்டேன். 46.8. பக்கத்தில் அவருடைய லோடின் எண்.

"ஒன்ற நிமிசத்துக்கு மேலயே சேத்து நிறுத்திகீறேன்!" என்றார் உலைக்காரர். "பார்த்தீங்களா சார்? டீ குடிக்கப் போவலன்னு சொன்னேன்ல?"

வக்கீல் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே, "அப்ப இது கம்ப்யூட்டர் செஞ்ச தப்பு. அப்படியே எழுதிக்கலாமா?" என்றார்.

"எழுதிக்கலாம்" என்றார் மேலாளர் உடனே.

"கூடாது" என்றேன். "முதல் கோட்டை எடுன்னு சொன்னோம், எடுத்துச்சு. வரிசையை மாத்தினது நாம. மாத்தினதை அதுகிட்ட சொல்லாததும் நாம. அதை எழுதுங்க."

எழுதவில்லை. தொழில்நுட்பக் காரணங்களால் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது என்று எழுதினார்கள். உலைக்காரர் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். பழைய அறிக்கையின் முதல் பக்கத்தை மாற்றி, மறுபடி என் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். கம்பிக் கீறல் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை, "சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணாதீங்க" என்று ஒரு சீட்டும் சேர்ந்து வந்தது. சீட்டை வைத்துக்கொண்டு அறிக்கையை மட்டும் திருப்பினேன். அந்த மாதமே என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். கண்ணாடி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள், எந்தக் கிராப் திறந்தாலும் அந்தந்த லோடின் பெயரைச் சொல்லியே கேட்கும்படி ஸ்கிரிப்டை மாற்றிவைத்திருந்தேன். ஸ்டோர்ஸில் எண்ணுவதற்கு நிறைய இருந்தது. தண்டனை கொடுக்க நினைத்தவர்களுக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

உலைக்காரருக்கு மட்டும் நிம்மதி இல்லை. மதிய இடைவேளையில் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து நிற்பார். "சார், நாளைக்கு எவனாச்சும் வந்து திருப்பி மாத்திட்டான்னா? நீங்களும் அங்க இல்ல. நான் இன்னா பண்றது?" எனக்கும் அதே கவலைதான். தலைமை அலுவலகத்துக்காரர்கள் ஒரு நாள் வந்து பழைய ஸ்கிரிப்டையே ஏற்றிவிட்டுப் போனால் யார் கேட்பது? "லோடை ஒழுங்கா நிறுத்துங்க, அது போதும்" என்றேன். எனக்கே அது போதும் என்று தோன்றவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போலச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். இரண்டாம் உலையில் பூஜை லோடு ஏறியது. இனி எல்லாக் கிராபிலும் முதலில் நிற்கப்போவது இந்த வருடக் கோடுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். பொரி முடிந்தது, சுண்டல் முடிந்தது, பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்கள் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கற்பூரமும் அணைந்தது. மேலாளர் பட்டு வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, "போதும்ப்பா, எடு" என்றார்.

உலைக்காரர் நெற்றியில் குங்குமத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு உலைக் கதவுக்கு முன்னால் நின்றார். "நாப்பத்தஞ்சு ஆவட்டும் சார்."

"பூஜை லோடுக்கு எதுக்குய்யா நாப்பத்தஞ்சு?"

"எந்தக் கோட்ட எவன் எட்த்தாலும் சரி சார். எங்கையில கொறைஞ்ச கோடு இனிமே இல்ல."

பின்னாலிருந்து ஒருவன், "மாமே, ஊட்ல கறிக்கொழம்பு ஆறிடும் மாமே!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. இப்படிச் செய்தால், நாளைக்கு யாராவது முதல் கோட்டை எடுத்தால் மோசமான லோடுகூட நல்லதாகத் தெரியும், அதுவும் தப்புதான் என்று என் மனம் ஒரு பக்கம் முணுமுணுத்தது. அதை அவரிடம் இன்னொரு நாள் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மேலாளர் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் அவர் பக்கம் பேசவில்லை, யாரும் வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை. கடைசியில் ஓரமாக நின்றிருந்த என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க சார்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு சார்" என்றேன்.